கான்கார்டுக்குப் பக்கத்து வீட்டில் குட்டி விமானங்கள்

எடின்பரோ வேவர்லி நிலையத்தில் நார்த் பெரிக் ரயிலைப் பிடித்தால் அரை மணி நேரத்தில் ட்ரெம் வரும். இரண்டு நடைமேடை, ஒரு மேம்பாலம், அவ்வளவுதான் நிலையம். வெளியே வந்தால் பார்லி வயலும் உருளைக்கிழங்கு வயலும் மாறி மாறி வரும். நடுவில் சிவப்பு ஓட்டு வீடுகள் நாலைந்தாகச் சேர்ந்து நிற்கும். அங்கிருந்து கிழக்கே ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் சைக்கிள் மிதித்தால் ஈஸ்ட் ஃபார்ச்சூன் வந்துவிடும்.

ஸ்காட்லாந்துக்கு வரும் நம்மவர்கள் எடின்பரோ கோட்டை, ஏரி, மலைநாடு என்று ஓடிவிடுவார்கள். இந்தப் பக்கம் வருபவர்கள் குறைவு. வருகிறவர்களும் தேசிய விமான அருங்காட்சியகத்துக்காக, அதிலும் அங்கிருக்கும் கான்கார்டுக்காக வருகிறவர்கள். 1976 ஜனவரியில் பிரிட்டிஷ் ஏர்வேசின் முதல் கான்கார்டு பயணிகள் சேவை லண்டனிலிருந்து பஹ்ரைனுக்குப் போனது இந்த விமானத்தில்தான். ஒரு பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வண்ணம் பூசிக்கொண்டு நம் ஊருக்கு வந்ததும் இதுதானா என்று கேட்பவர்கள் உண்டு. அது வேறு, இப்போது நியூயார்க்கில் நிற்கிறது. 1977 டிசம்பரில் தொடங்கிய அந்தச் சேவை, ஒலியைவிட வேகமாகத் தன் வான்வெளியில் பறக்க மலேசியா மறுத்ததால் சில நாளிலேயே நின்றது, 1979-ல் திரும்பத் தொடங்கி 1980-ல் ஒரேயடியாக முடிந்தது என்பது மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கலாம்.

அருங்காட்சியகத்தின் வேலியை ஒட்டி பழைய போர்க்கால ஓடுபாதை கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பக்கம் பெரிய சந்தை கூடும். பழைய மிதிவண்டி, கோழிக்குஞ்சு, சாக்கு மூட்டையில் உருளைக்கிழங்கு எல்லாம் கிடைக்கும். ஓடுபாதையின் இன்னொரு துண்டில் மைக்ரோலைட் விமானங்கள் ஏறி இறங்கும். நான் வாரக்கடைசிகளில் போவது அதற்காக.

இந்த மண்ணுக்கு ஆகாயத்தோடு பழைய உறவு. 1919 ஜூலை 2-ஆம் தேதி விடியுமுன், ஆர்34 என்ற 196 மீட்டர் நீள ஆகாயக் கப்பல் இங்கிருந்து கிளம்பி, 108 மணி நேரம் கழித்து நியூயார்க்கை அடுத்த மினியோலாவில் இறங்கியது. அட்லாண்டிக்கைக் கிழக்கிலிருந்து மேற்காக வானில் கடந்த முதல் பயணம் அது. எடையைக் குறைக்க வேண்டும் என்று இறக்கிவிடப்பட்ட வில்லியம் பாலன்டைன் என்ற ஊழியர், ஒரு பூனைக்குட்டியோடு ஒளிந்து ஏறிவிட்டார். ஒரு ஆள் எடை கூடினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்ட அதே இடத்தில், இன்றைக்கும் ஆள் ஆளாகத் தராசில் ஏற்றி எடை பார்க்கிறார்கள். அந்தத் தராசுக்குப் பிறகு வருகிறேன்.

காகிதத்தில் ஒரு வரி

யீஷூனில் வளர்ந்தவள் நான். வேலை நிமித்தம் எடின்பரோ வந்து, 2018-ல் இங்கேயே தனியார் விமானி உரிமம் எடுத்தேன். சுருக்கமாகப் பிபிஎல். ஒன்பது எழுத்துத் தேர்வு, குறைந்தது 45 மணி நேரப் பறப்பு, அதில் பத்து மணி நேரம் தனியாக, கடைசியில் தேர்வாளரோடு ஒரு பறப்புத் தேர்வு. பழகியது நாலு பேர் உட்காரும் பைப்பர் வாரியரில். அந்த விமானத்தின் மணி வாடகை 2024-ல் 200 பவுண்டை எட்டிவிட்டது. வீட்டு வாடகை, குழந்தைப் பராமரிப்பு எல்லாம் போன பிறகு மாதம் ஒரு மணி நேரம் பறப்பதே கனவாகிவிட்டது. மாதம் ஒரு மணி நேரம் மட்டும் பறக்கிற விமானி பக்கத்தில் உட்கார எனக்கே துணிச்சல் வராது. என் தகுதிச் சான்று ஆகஸ்ட் கடைசியில் காலாவதியாக இருந்தது. விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் மைக்ரோலைட் பேச்சு வந்தது.

மைக்ரோலைட் என்றால் துணி இறக்கையில் தொங்கும் முச்சக்கர வண்டி என்றே பலர் நினைக்கிறார்கள். அதுவும் ஒரு வகைதான். சட்டப்படி பார்த்தால் மைக்ரோலைட் என்பது எடையையும் வேகத்தையும் வைத்துச் சொல்வது. இரண்டு இருக்கைக்கு மேல் கூடாது. பிரிட்டனில் பல ஆண்டுகளாக மொத்த எடை 450 கிலோ என்பது உச்சவரம்பு. 2021-ல் அதை 600 கிலோவாக உயர்த்தினார்கள். எவ்வளவு மெதுவாகப் பறந்தால் இறக்கை தாங்குவதை நிறுத்தும் என்பதற்கும் ஒரு வரம்பு உண்டு. கதவு, கண்ணாடி, கட்டுப்பாட்டுக் கோல் எல்லாம் வைத்த சாதாரண விமானம் போன்ற மைக்ரோலைட்டுகள் இப்போது ஏராளம். நான் பழகிய ஐகாரஸ் சி42 அப்படிப்பட்டது. கார்களுக்கு ஊற்றும் பெட்ரோலே போதும். மணிக்குப் பன்னிரண்டு லிட்டர் அளவில் குடிக்கும். வாரியர் அதைப்போல மூன்று மடங்கு குடிக்கும், அதுவும் விலை கூடிய விமானப் பெட்ரோல்.

பிபிஎல்லிலிருந்து இதற்கு மாறுவது எப்படி? நான் மாறியபோது இருந்த விதியைச் சொல்கிறேன். ஒற்றை எஞ்சின் விமானத் தகுதி உயிரோடு இருந்தால், புது உரிமம் வேண்டாம். எழுத்துத் தேர்வு இல்லை, தேர்வாளர் இல்லை. ‘வேறுபாட்டுப் பயிற்சி’ என்று ஒன்று மட்டும். அதற்குக் குறைந்தபட்சம் இத்தனை மணி என்ற கணக்கும் கிடையாது. மைக்ரோலைட் பயிற்றுநர் போதும் என்று நினைக்கும்வரை அவரோடு பறக்க வேண்டும். பிறகு அவர் நம் பறப்புக் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

இதை அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அப்பா முப்பத்திரண்டு ஆண்டு சிங்கப்பூரில் பேருந்து ஓட்டியவர். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“கிளாஸ் 4 வச்சிருக்கவன 2பி பைக்ல ஏத்தி விடுவாங்களாம்மா? நான் டபுள் டெக்கர் ஓட்டுனேன். பைக்கு ஓட்டணும்னா திரும்ப முதல்ல இருந்துதான் படிக்கணும். அங்க என்ன, கையெழுத்து ஒன்னு போட்டா சரியாமா?”

அவர் கேட்டது சரியான கேள்வி. பிரிட்டனின் விமான விபத்து விசாரணைப் பிரிவு மாதந்தோறும் வெளியிடும் அறிக்கைகளை நான் வாசிப்பதுண்டு. அவற்றில் விமானியின் மொத்தப் பறப்பு மணி ஒரு வரியிலும், அந்த வகை விமானத்தில் அவர் பறந்த மணி அடுத்த வரியிலும் இருக்கும். முதல் எண் பெரிதாகவும் இரண்டாவது எண் மிகச் சின்னதாகவும் இருந்தால் எனக்கு வயிறு கொஞ்சம் கலங்கும்.

ஏப்பம் விடும் எஞ்சின்

முதல் நாள் பறக்கவே இல்லை. பயிற்றுநர் எஞ்சின் மூடியைத் திறந்து, எண்ணெய் அளவைப் பார்க்கச் சொன்னார். வாரியரில் குச்சியை எடுத்துத் துடைத்து முக்கினால் தெரிந்துவிடும். இந்த ரோட்டாக்ஸ் எஞ்சினில் எண்ணெய் தனித் தொட்டியில் இருக்கிறது. சுவிட்ச் எல்லாம் அணைந்திருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, புரொப்பெல்லரைக் கையால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து சுற்றுக்குப் பிறகு தொட்டியிலிருந்து ‘களக்’ என்று ஒரு சத்தம் வரும். எஞ்சின் ஏப்பம் விட்டுவிட்டது. எண்ணெய் எல்லாம் தொட்டிக்குத் திரும்பிவிட்டது. இப்போது அளவு பார்க்கலாம். சாப்பிட்ட குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டுவது மாதிரிதான்.

ஓட விட்டால் அடுத்த ஆச்சரியம். வாரியரில் நிமிடத்துக்கு 2,400 சுற்று என்பது நிம்மதியான பயண வேகம். இங்கே முள் 5,000-ஐத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. எஞ்சின் வெடித்துவிடுமோ என்று கை தானாக வேகத்தைக் குறைக்கப் போகும். நடுவில் பற்சக்கரப் பெட்டி இருக்கிறது, புரொப்பெல்லர் அதில் பாதிக்கும் குறைவாகத்தான் சுற்றுகிறது என்று அறிவுக்குத் தெரியும். காதுக்குத் தெரிய மூன்று பாடம் ஆயிற்று. எரிபொருள் கலவையைச் சரிசெய்யும் சிவப்புப் பிடியும் இங்கே இல்லை. கட்டுப்பாட்டுக் கோல் ஒன்றே ஒன்று, இரண்டு இருக்கைக்கும் நடுவில். அதிலேயே சைக்கிளில் இருப்பது போல பிரேக் பிடி. இடது இருக்கையில் உட்கார்ந்தால் வலது கையால் ஓட்ட வேண்டும்.

இதெல்லாம் பொத்தான்களின் வேறுபாடு. ஒரு வாரத்தில் பழகிவிடும். பழக நேரம் எடுத்தது வேறு.

நாலாவது பாடத்தில், 2,000 அடி உயரத்தில், பயிற்றுநர் எஞ்சினை வெறும் ஓட்டத்துக்குக் குறைத்துவிட்டு, “எஞ்சின் நின்றுவிட்டது” என்றார். இது எல்லா விமானிக்கும் பழக்கமான பயிற்சிதான். வாரியர் ஒரு டன்னைத் தாண்டும் விமானம். எஞ்சின் போனாலும் அதன் எடையே கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போகும். ஒரு மூச்சு விட்டு, வயல் தேடி, மூக்கைத் தாழ்த்த நேரம் கிடைக்கும். 450 கிலோ விமானத்தில் அந்த ஒரு மூச்சு கிடையாது. வேகமுள் மாடிப்படியில் உருளும் பந்து மாதிரி இறங்குகிறது. கோலை உடனே முன்னால் தள்ள வேண்டும், அதுவும் கண்ணாடி முழுக்கப் பார்லி வயல் தெரிகிற அளவுக்கு. பெரிய விமானத்தில் ஊறிய கைக்கு இது அநாகரிகமாகப் படும். தரையைப் பார்த்து மூக்கைக் குத்துவதற்குக் கை கூசும்.

அந்தக் கூச்சம் போகும்வரை அவர் விடவில்லை. ஓடுபாதையிலிருந்து எழும்பி 200 அடியில் ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை, நான் ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு தடவை. “உங்களுக்குப் பறக்கத் தெரியும். அதுதான் எனக்குச் சிரமம்,” என்றார் ஒரு நாள் தேநீரின்போது. ஒன்றும் தெரியாமல் வருகிறவருக்கு முதல் பழக்கமே இந்த விமானத்தின் பழக்கமாக அமைந்துவிடுகிறது. பிபிஎல்காரருக்குப் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். சாவகாசமான நேரத்தில் புதியது வேலை செய்யும். பயந்துபோன நொடியில் பழையதுதான் முதலில் வரும்.

இதை இன்னும் கூர்மையாகப் பார்க்க விரும்பினால் துணி இறக்கை மைக்ரோலைட்டில் ஒரு தடவை ஏற வேண்டும். ஃபிளெக்ஸ்விங் என்பார்கள். தலைக்கு மேலே முக்கோண இறக்கை, அதன் கீழே தொங்கும் திறந்த வண்டி, கையில் ஒரு குறுக்குக் கம்பி. விமானக் கோலை இழுத்தால் மூக்கு ஏறும். இந்தக் கம்பியை இழுத்தால் மூக்கு இறங்கும். கோலை இடப்பக்கம் சாய்த்தால் இடப்பக்கம் திரும்பும்; கம்பியை இடப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் திரும்பும். நாம் அசைப்பது இறக்கையை அல்ல, இறக்கைக்குக் கீழே தொங்கும் நம் உடம்பை என்பதால் எல்லாம் தலைகீழ். தரையில் ஓட்டும்போது முன்சக்கரமும் காலுக்கு எதிராகத்தான்: வலது காலை அழுத்தினால் இடது பக்கம் போகும்.

ஹாடிங்டன் பக்கத்துத் தச்சர் ஒருவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தன் ஃபிளெக்ஸ்விங்கில் என்னைப் பின்னிருக்கையில் வைத்து டிராப்ரெயின் குன்றைச் சுற்றிக் காட்டினார். ஆர்34 கிளம்பிய அதே 1919-ல் ரோமானியர் காலத்து வெள்ளிப் புதையல் கிடைத்த குன்று அது. முகத்தில் காற்று அறைந்தது. கீழே ஆட்டு மந்தையின் வாசனை 500 அடிக்கு வந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். இருபது ஆண்டாக ஓட்டுகிறார். சி42 பக்கம் மட்டும் போகமாட்டேன் என்கிறார். “என் கைக்கு ஒரு மொழிதான் தெரியும்” என்பது அவர் சொன்ன காரணம். எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. வேறுபாட்டுப் பயிற்சி எடுத்தால் நானும் ஃபிளெக்ஸ்விங் ஓட்டலாம். எடுக்கவில்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த தம்பி

அங்கேதான் ஈப்போ தம்பியைப் பார்த்தேன். எடின்பரோவில் பொறியியல் படித்து முடித்து வேலையில் சேர்ந்தவர், இருபத்து நாலு வயது. என்னைப் பார்த்ததும், “அக்கா, நீங்க தமிழா?” என்று ஆரம்பித்தவர், வரும்போதெல்லாம் வீட்டில் செய்த கறிபப் கொண்டு வருவார். அவர் எனக்கு நேர் எதிர்த் திசையில் போகிறவர். முதலில் மைக்ரோலைட் உரிமம் எடுத்தார்: 25 மணி நேரம், ஐந்து எழுத்துத் தேர்வு, பிறகு பறப்புத் தேர்வு. இப்போது பிபிஎல்லுக்கு மாற வேண்டும். அப்புறம் வணிக விமானி. அப்புறம் கோலாலம்பூரில் வேலை. அதுதான் அவர் திட்டம்.

இந்தத் திசையில் ஒரு வரிக் கையெழுத்தெல்லாம் கிடையாது. மைக்ரோலைட் உரிமம் பிரிட்டனின் தேசிய உரிமம். அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் தரத்துக்குக் கீழே இருப்பது; அதனால் மற்ற நாடுகள் அதை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. பகலில், கண்ணுக்குத் தெரியும் வானிலையில் மட்டும் பறக்கலாம். பயணிகள் விமானத்தை நோக்கிப் போகிறவருக்கு அந்த மணிக்கணக்கு பெரிதாக உதவாது. பிபிஎல்லுக்கு ஒன்பது தேர்வு, பெரிய விமானத்தில் பயிற்சி, தேர்வாளரோடு முழுப் பறப்புத் தேர்வு என்று ஏறக்குறைய புது ஏணியில் ஏறுவதுதான்.

“இது தெரிஞ்சிருந்தா முதல்லயே அங்க போயிருப்பேன்க்கா. மலிவா இருக்குன்னு இங்க வந்தேன். மூவாயிரம் பவுண்டு போச்சு லா,” என்றார். அவர் அம்மா ஈப்போவில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். அந்த மூவாயிரத்தில் பாதி அவர் அனுப்பியது என்பது பின்னால்தான் தெரிந்தது. விமானி ஆக வேண்டும் என்ற ஆசையோடு வெளிநாடு போகும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். பொழுதுபோக்குக்கா, பிழைப்புக்கா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். பிழைப்புக்கு என்றால், எந்த நாட்டில் வேலை செய்யப் போகிறீர்களோ அந்த நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையம் எதை ஏற்கும் என்று கேட்டுவிட்டு முதல் காசைக் கட்டுங்கள். விதிகளும் அடிக்கடி மாறுகின்றன. நான் இங்கே சொன்னதை வைத்து யாரும் பணம் கட்ட வேண்டாம்.

ஆனால் வேடிக்கை என்னவென்றால், காகிதம் இவ்வளவு முரண்டு பிடித்த அந்தத் தம்பிக்கு விமானம் முரண்டு பிடிக்கவில்லை. ஃபோர்த் கழிமுகத்துக்கு அப்பால் ஒரு பள்ளியில் பைப்பரில் பழக ஆரம்பித்தார். முதல் பாடம் முடிந்து வந்து, “லோரி மாதிரி இருக்குக்கா, திருப்பினா யோசிச்சிட்டுத் திரும்புது,” என்றார். அங்கே எஞ்சினைக் குறைத்தபோது அவர் கை உடனே மூக்கைத் தாழ்த்தியதாம். அந்தப் பயிற்றுநர், “அவசரமில்லை, நேரம் இருக்கிறது” என்று சிரித்தாராம். கண்ணை மறைத்துக் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் பயிற்சியில்தான் தடுமாறினார். மைக்ரோலைட்காரர்கள் வெளியே பார்த்தே வளர்ந்தவர்கள். குறிப்பேட்டில் குறைவாக மதிக்கப்பட்ட மணிகள் கையில் முழுதாக இருந்தன. எனக்கோ குறிப்பேட்டில் எல்லாம் செல்லுபடியானது, கைதான் திரும்பப் படிக்க வேண்டியிருந்தது.

என் கையெழுத்து ஆறரை மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு கிடைத்தது. அதில் ஒரு சிக்கலும் உண்டு: அந்த ஒரு வரி என் பழைய தகுதியின் மேல் ஏறி நிற்கிறது. அது காலாவதியானால் மைக்ரோலைட்டும் ஓட்ட முடியாது. தனியாக மைக்ரோலைட் உரிமமே எடுத்துக்கொள்ளும் வழியும் இருக்கிறது. ஆகஸ்டில் தேர்வாளரோடு பைப்பரில் ஒரு மணி நேரம் பறந்து பழைய தகுதியைப் புதுப்பித்துக்கொண்டேன். இரண்டு ஆண்டுக்கு அது போதும்.

தராசு

அப்பா ஜூலையில் வந்தார். “பேருந்துல உன்ன எத்தனை தடவை ஏத்திட்டுப் போயிருக்கேன்” என்று சொன்னாரே தவிர, ஏற்றிப் போ என்று கேட்கவில்லை. அம்மா மட்டும் சிங்கப்பூரிலிருந்து தினமும் அழைத்து, “ரெண்டு பேரும் தரையிலேயே இருங்க,” என்றார்.

சங்கக் கொட்டகையின் மூலையில் ஒரு குளியலறைத் தராசு இருக்கிறது. ஏறும் எல்லாரும் சப்பாத்து, மேல்சட்டையோடு அதில் நிற்க வேண்டும். சி42-இன் வெற்று எடை ஏறக்குறைய 270 கிலோ. மொத்த வரம்பு 450. மிச்சம் 180. நான் 60, அப்பா 81. மீதி 39 கிலோ, அதில் பெட்ரோல் எவ்வளவு, காமெரா எவ்வளவு. ஈப்போ தம்பியும் பயிற்றுநரும் சேர்ந்து ஏறிய நாள்களில், அரை மணிக்கான பெட்ரோலுக்கே தம்பியின் கறிபப் பையைக் கீழே வைக்க வேண்டியிருந்தது. வாரியரில் இந்தக் கணக்கை எழுதிப் பார்த்துவிட்டு மறந்துவிடலாம். இங்கே ஒவ்வொரு கிலோவும் ஏறும்போதே முதுகில் தெரியும். நாற்பது லிட்டர் போதும் என்று முடிவு செய்தேன். அப்பா கணக்குத் தாளை வாங்கி, தானும் ஒரு தடவை கூட்டிப் பார்த்தார்.

காலை பத்து மணி. தென்மேற்கிலிருந்து இலேசான காற்று. பிற்பகலில் காற்று கிழக்குக்கு மாறும் என்று வானிலை அறிக்கை சொன்னது. இந்தக் கரையில் கிழக்குக் காற்று என்றால் ‘ஹார்’ வரலாம்: வடகடலிலிருந்து நகர்ந்து வரும் கடல்மூடுபனி. ஊர் முழுக்க வெயில் அடிக்கும்போதே கரையோரத்தை அரை மணியில் விழுங்கிவிடும். பத்தரைக்குள் கிளம்பி பதினொன்றுக்குள் திரும்புவது என்று முடிவு.

விமானம் 200 மீட்டருக்குள் தரையை விட்டது. அப்பா, “அதுக்குள்ளயா?” என்றார். இடப்பக்கம் கான்கார்டு நிற்கும் கொட்டகையின் கூரை. நேரே வடக்கில் நார்த் பெரிக் குன்று, கூம்பு வைத்த மாதிரி. அதன் உச்சியில் திமிங்கிலத் தாடை எலும்பு வடிவில் ஒரு வளைவு நிற்கும்; பழைய எலும்பு உளுத்துப்போனதால் இப்போதிருப்பது கண்ணாடியிழையில் செய்தது. அதைத் தாண்டிக் கடல். எங்கள் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டர் அளவு. அந்த வேகத்தில் சிங்கப்பூரை துவாஸிலிருந்து சாங்கி வரை இருபது நிமிடத்தில் கடந்துவிடலாம், அதன் பிறகு போக இடம் இருக்காது. இங்கே இரண்டு பக்கமும் ஆகாயம் திறந்து கிடக்கிறது. மேற்கே எடின்பரோ விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு வான்வெளியும், கிழக்கே டோர்னஸ் அணுமின் நிலையத்தைச் சுற்றியுள்ள தடைவட்டமும் தவிர.

பாஸ் பாறை வெள்ளையாகத் தெரிந்தது. அது பாறையின் நிறமல்ல. கோடையில் அங்கே கூடு கட்டும் கானெட் கடற்பறவைகளும் அவற்றின் எச்சமும். உலகிலேயே பெரிய கானெட் குடியிருப்புகளில் ஒன்று. 2022-ல் பறவைக் காய்ச்சலில் ஏராளமாகச் செத்தன. அப்படியும் பாறை வெள்ளையாகத்தான் இருக்கிறது. பக்கத்தில் போகக் கூடாது, பறவைக்கும் நமக்கும் கேடு. கரையை விட்டு அதிகம் விலகாமல், எஞ்சின் நின்றாலும் நிலத்துக்கு வந்துசேரும் உயரத்தில், டான்டாலன் கோட்டைக்கு மேலே ஒரு வளையம் போட்டேன்.

“அங்க என்னம்மா, கோடு மாதிரி?”

கிழக்கே கடலுக்கு மேல், தொடுவானத்துக்குக் கீழே, சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை. அறிக்கை சொன்னதைவிட மூன்று மணி நேரம் முன்னதாக. நான் ஒன்றும் சொல்லாமல் மேற்கே திருப்பினேன். அப்பாவும் ஒன்றும் கேட்கவில்லை. எத்தனையோ நடுராத்திரி மழையில் பேருந்து ஓட்டியவர். ஓட்டுகிறவரிடம் எப்போது பேசக் கூடாது என்று தெரிந்தவர். அவர் கை மட்டும் முழங்காலைப் பிடித்திருந்தது.

ஓடுபாதைக்கு நேராக வந்து, எஞ்சினைக் குறைத்து, மூக்கைத் தாழ்த்தினேன். கண்ணாடி முழுக்க வயல். அப்பா கால் தானாக இல்லாத பிரேக்கை மிதித்தது. தரைக்கு ஓர் ஆள் உயரத்தில் கோலை இழுத்ததும் விமானம் வேகத்தை அப்படியே இழந்து, பொத்தென்று உட்கார்ந்தது. ஓடி நிற்க நீளம் அதிகம் தேவைப்படவில்லை.

விமானத்தைத் தள்ளிக்கொண்டு போய்க் கட்டிப்போட்டோம். அப்பா ஒரு இறக்கையைத் தனியாகத் தள்ளிப் பார்த்து, அது நகர்ந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார். இருபது நிமிடம் கழித்து நார்த் பெரிக் குன்றின் உச்சி மட்டும் பனிக்கு மேலே தெரிந்தது. பாஸ் பாறை இல்லை. அருங்காட்சியகத்துக்கு வந்த பிள்ளைகள் வேலியருகே நின்று எங்களுக்குக் கை காட்டின.

“எவ்வளவு எண்ணெய் குடிச்சது?” என்றார் அப்பா.

அளவுக் குச்சியை விட்டுப் பார்த்தேன். ஏழு லிட்டர்.

“யீஷூன்ல இருந்து டெப்போ போய்ட்டு வர்றதுக்கே என் பஸ்ஸு அதைவிட கூடக் குடிக்கும்,” என்றவர், அம்மாவை அழைக்கத் தொலைபேசியை எடுத்தார். “ஆமா, தரையிலதான் இருக்கோம். இப்பதான் சாப்பிடப் போறோம்.”